முன் சக்கரம் வேறு, பின் சக்கரம் வேறு

ஃபிக்ஸட் கியர் சைக்கிளுக்குச் சக்கரம் வாங்க வேண்டுமென்று லண்டனில் யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். பெரிய ஃபிளாஞ்ச் வைத்த டிராக் ஹப், முடிந்தால் ஜப்பானின் கெய்ரின் பந்தயத்துக்கான என்.ஜே.எஸ். முத்திரை குத்தியது. அதைச் சுற்றி 40 மில்லிமீட்டருக்குக் குறையாத ஆழ ரிம், முன்னும் பின்னும் ஒரே நிறத்தில், ஒரே ஜோடியாக. பிரேக் கட்டை பிடிக்கும் பக்கச்சுவரைக் கடைந்து விடாமல் முழுக்க வண்ணம் ஏற்றியிருந்தால் இன்னும் விசேஷம். கடைக்காரர் சொல்கிறார், வாங்கியவர் சொல்கிறார், வாங்கப் போகிறவரும் நாலு நாளில் அதையே சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். நகரத் தெருவில் ஓட்டப் போகிறவருக்கு இது தவறான பதில், அதுவும் பெரும்பாலும் தலைகீழாகத் தவறு.

எதிர்த் தரப்பின் வாதத்தை அதன் பலம் குறையாமல் சொல்லிவிடுகிறேன். ஃபிக்ஸட் கியர் பிறப்பால் பந்தயக் களத்து வண்டி. ஃப்ரீவீல் கிடையாது. பின் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலால் எதிர்த்து மிதித்தால் வேகம் குறையும். ஆகவே பின் ஹப்பின் மேல் முன்னோக்கியும் முறுக்கு விழுகிறது, பின்னோக்கியும் விழுகிறது. அதைத் தாங்கப் பந்தயத் தர ஹப்பும், போக்ஸ் கம்பியைக் குட்டையாக்கும் பெரிய ஃபிளாஞ்சும் வேண்டும். ஆழ ரிம் விறைப்பானது, குழியில் இறங்கினாலும் கோட்டம் விழாது. விறைப்பாக இருப்பதால் போக்ஸ் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் கனமும் நல்லதுதான், எடுத்த வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சான்றும் காட்டுவார்கள்: நியூயார்க் தெருக்களில் கூரியர் வேலை பார்த்த நெல்சன் வெயில்ஸ், 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்பிரிண்ட் பந்தயத்தில் வெள்ளி வென்றார். தெருவும் களமும் ஒன்றுதான் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? கூரியர்காரர்கள் வெலாசிட்டி நிறுவனத்தின் 30 மி.மீ. ஆழமுள்ள ‘டீப் வி’ ரிம்மைத் தேடி வாங்கினார்கள் என்பதும் உண்மை.

இது முட்டாள்தனமான வாதமல்ல. இதில் உள்ள தனித்தனிச் செய்திகள் பலவும் சரிதான். பிழை அடித்தளத்தில் இருக்கிறது: இரண்டு சக்கரத்தையும் ஒரே பொருளாக, ஒரு ஜோடியாக நினைத்துத் தேர்வு செய்வதில். தெருவில் ஓடும் ஃபிக்ஸட் கியரின் முன் சக்கரம் பிரேக்கின் ஒரு பாதி. அதன் பின் சக்கரம் கியரின் ஒரு பாதி. இரண்டுக்கும் வேலை வேறு, கெட்டுப்போகும் விதமும் வேறு. இதை மறந்தால் அடுத்தடுத்த முடிவுகள் எல்லாம் கோணலாகத்தான் போகும்.

1. கெய்ரின் மரபு என்கிறீர்களே, கெய்ரின் வீரரின் சக்கரத்தைக் கிட்டத்தில் பார்த்ததுண்டா? கெய்ரின் 1948இல் ஜப்பானின் கொக்குராவில் தொடங்கிய பந்தயம், மக்கள் பணம் கட்டிப் பார்ப்பது. பணம் புழங்கும் இடத்தில் ஒரு வீரரின் வண்டி இன்னொருவருடையதைவிட மேலானது என்ற சந்தேகமே எழக்கூடாது. அதற்காகவும், ஓடும்போது உதிரி பாகம் உடைந்து பந்தயம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காகவும் வந்ததுதான் என்.ஜே.எஸ். அங்கீகாரம். லண்டன் மழையிலும் தார் பெயர்ந்த சாலையிலும் எது நிலைக்கும் என்ற கேள்வி அதன் முன் வைக்கப்படவே இல்லை.

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஜப்பானிய ஆண்கள் கெய்ரினில் வழக்கமாக ஓடும் சக்கரம் என்ன? அராயா போன்ற நிறுவனங்களின் ஆழமே இல்லாத பெட்டி வடிவ ரிம், 36 போக்ஸ், போக்ஸ்கள் குறுக்கிடும் இடத்தில் மெல்லிய கம்பி சுற்றி ஈயம் பற்றவைத்தது, மேலே ஒட்டுப் பசையில் உட்காரும் டியூபுலர் டயர். லண்டன்காரர் அந்த மரபிலிருந்து முத்திரை குத்திய ஹப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த மரபு தொடாத ஆழ ரிம்மில் 24 போக்ஸில் கோர்க்கிறார். மரபைக் காட்டி வாதாடுகிறவர் மரபை முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொண்டால் ஆழ ரிம் அந்தக் கணமே விழுந்துவிடும்.

2. பெரிய ஃபிளாஞ்ச் வலிமை என்பது கணக்குப் போடாமல் சொல்வது. போட்டுப் பார்ப்போம். 170 மி.மீ. கிராங்கின் மேல் ஒருவர் 70 கிலோ எடையை முழுக்க ஏற்றி மிதிக்கிறார். முன்னே 48 பல், பின்னே 16. பின் ஹப்பில் விழும் முறுக்கு சுமார் 39 நியூட்டன் மீட்டர். 32 போக்ஸ், மூன்று குறுக்காகக் கோர்த்த சிறிய ஃபிளாஞ்ச் ஹப்பில் ஒவ்வொரு போக்ஸின் இழுவையும் இதனால் ஏறக்குறைய 65 நியூட்டன் கூடும் அல்லது குறையும். பெரிய ஃபிளாஞ்சில் அது சுமார் 40. நல்ல சக்கரத்தில் ஒரு போக்ஸின் இழுவையே 1,000 நியூட்டன் அளவில் இருக்கும்போது இந்த 25 நியூட்டன் வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு பேச்சும்.

சறுக்கி நிறுத்தும்போது? அப்போதும் முறுக்குக்கு ஒரு மேல் வரம்பு உண்டு. டயர் தரையை விட்டு வழுக்கத் தொடங்கியதும் அதற்கு மேல் போகாது. மேலே சொன்னதைப்போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொண்டாலும் போக்ஸ் அசைந்து கொடுக்காது.

போக்ஸை உண்மையில் அறுப்பது வேறு. சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் தரையைத் தொடும் பக்கத்து நாலைந்து போக்ஸ்களின் இழுவை குறைந்து மறுபடி ஏறுகிறது. ஆளின் எடை அந்த வழியாகத்தான் தரைக்கு இறங்குகிறது. ஜோப்ஸ்ட் பிராண்ட் 1981இல் ‘தி பைசைக்கிள் வீல்’ நூலில் இதைப் பொறுமையாக விளக்கிவிட்டார். இழுவை போதாத சக்கரத்தில் கீழே வரும் போக்ஸ் முழுக்கத் தொய்ந்து, நிப்பிள் கழன்று, வளைவில் உலோகம் களைத்து அறும். ஃபிளாஞ்ச் பெரிதாக இருப்பதால் இது நிற்காது. நின்றால், கோர்த்தவர் கை சரியாக இருந்ததால் நிற்கும். டிராக் ஹப்புக்கு இயல்பாகவே ஒரு பெரிய வரம் உண்டு: 120 மி.மீ. அகலம், ஒரே ஒரு பல்சக்கரம், அதனால் இரு பக்கப் போக்ஸும் ஏறக்குறைய சம சாய்வு, சம இழுவை. பல கியர் வண்டியின் பின் சக்கரத்தில் இடப் பக்கப் போக்ஸ் வலப் பக்கத்தின் பாதிக்குக் கொஞ்சம் மேலான இழுவையில் தொய்வாக ஓடுகிறது. அந்த வரம் விலை குறைந்த தைவான் ஹப்பிலும் முழுதாக உண்டு. முத்திரைக்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

3. அப்படியானால் பின் ஹப்பில் எது உடைகிறது? மரை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்கிறவர் இதைப் படிக்கட்டும்.

பல்சக்கரம் ஹப்பில் ஏறுவது 1.37 அங்குல வலது மரையில், அங்குலத்துக்கு 24 சுற்று. அதற்கு வெளியே சற்றுச் சிறிய படி ஒன்று. அதில் இடது மரையில் 1.29 அங்குல லாக் ரிங். எதிர்த்து மிதிக்கும்போது பல்சக்கரம் கழலப் பார்க்கும். கழலும் திசையில் அது லாக் ரிங்கைத் தள்ளினால் இடது மரை என்பதால் ரிங் மேலும் இறுகும். அழகான ஏற்பாடு. ஆனால் இரண்டும் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும்வரைதான். பல்சக்கரம் எஃகு, ஹப்பின் உடல் அலுமினியம். கால் சுற்று தளர்ச்சி இருந்தால் போதும், முன்னும் பின்னுமாக இடித்து இடித்து எஃகு அலுமினியத்தைத் தின்னும். பழுது பார்க்க வரும் இப்படிப்பட்ட ஹப்பிலிருந்து பல்சக்கரத்தைக் கழற்றினால், உரிந்த மரை மெல்லிய வில் போலச் சுருண்டு அதன் உள்வாயில் தொங்கிக்கொண்டு வரும். ஹப்பின் கழுத்து வழவழவென்று பளபளக்கும். அதற்குப் பிறகு அந்த ஹப்பில் என்ன முத்திரை இருந்து என்ன?

ஆகவே பின் ஹப்பில் பார்க்க வேண்டியது மரை எவ்வளவு நீளம், எவ்வளவு சுத்தமாக வெட்டப்பட்டிருக்கிறது, லாக் ரிங்குக்கான படி எந்த அளவில் இருக்கிறது என்பவை. பழைய இத்தாலிய ஹப்புகள் சிலவற்றில் அந்தப் படி 1.32 அங்குலம். அந்த ரிங்கை 1.29 படியில் போட்டால் ஏறும், பிடிக்காது. பல்சக்கரத்தில் பார்க்க வேண்டியது கழுத்து தடித்து, மரை முழு அகலத்துக்கும் ஓடுகிறதா என்பது. தகட்டில் அச்சடித்த மலிவுப் பல்சக்கரம் இரண்டு மூன்று மரைச் சுற்றை மட்டும் பிடித்துக்கொண்டு முழுப் பாரத்தையும் அங்கேயே இறக்கும். கிரீஸ் தடவி, செயின் விப்பால் முழு பலத்தோடு இறுக்கி, லாக் ரிங்கைக் கொக்கி ஸ்பானரால் முடுக்கி, ஒரு மேட்டில் ஏறி இறங்கி வந்து இரண்டையும் மறுபடி முடுக்க வேண்டும். இதற்கு நேரமில்லாதவருக்கு வேறு வழியும் உண்டு: டிஸ்க் பிரேக் தட்டுக்கான 6 போல்ட் இருக்கும் பின் ஹப்பில், அதே 6 போல்ட்டில் இறுக்கும் பல்சக்கரம். மரையே இல்லை, உரியவும் எதுவுமில்லை. பந்தய மரபினர் முகம் சுளிப்பார்கள்.

இன்னொன்று, கியர் விகிதம். 48க்கு 16 என்பது சரியாக மூன்று மடங்கு. ஒரே காலை முன்வைத்துச் சறுக்குகிறவரின் பின் டயர் எப்போதும் ஒரே இடத்தில்தான் தேயும். 48க்கு 17 என்று மாற்றினால் தேய்மானம் 17 இடங்களுக்குப் பங்காகும். ஹப்புக்கு இரு மடங்கு விலை கொடுத்தவர்கள் இந்த ஒரு பல்லைக் கவனிப்பதில்லை.

4. ஆழ ரிம் விறைப்பானது, ஒப்புக்கொள்கிறேன். எதற்கு எதிரான விறைப்பு? நகரத்தில் ரிம் சாகும் விதங்களை எண்ணிப் பாருங்கள். முதலாவது, குழியின் விளிம்பிலோ நடைபாதைக் கல்லிலோ டயர் நசுங்கி ரிம்மின் உதடு கல்லில் இடிப்பது. அந்த உதட்டின் தடிமனுக்கும் ரிம்மின் ஆழத்துக்கும் தொடர்பு இல்லை. 18 மி.மீ. பெட்டி ரிம்முக்கும் 42 மி.மீ. ஆழ ரிம்முக்கும் கல்லைச் சந்திப்பது ஏறக்குறைய ஒரே கனத் தகடுதான். அதைக் காப்பது டயரில் உள்ள காற்று. அதற்கு அகல டயர் வேண்டும், அகல டயர் ஒழுங்காக உட்கார அகல ரிம் வேண்டும். புகழ்பெற்ற அந்த ‘டீப் வி’யின் வெளி அகலம் 19 மி.மீ. ஹெச் பிளஸ் சன் நிறுவனத்தின் ‘ஆர்க்கிடைப்’ ஆழத்தில் 25தான், ஆனால் அகலம் 23. 28 மி.மீ. டயர் ஓட்டப் போகிறவர் எதை எடுக்க வேண்டும் என்று தயங்கவே தேவையில்லை. ஆழத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற உலகில் அகலத்தைப் பற்றிக் கேட்பவர் குறைவு.

இரண்டாவது, போக்ஸ் அறுவது. ரிம் விறைப்பு, அதனால் 20 அல்லது 24 போக்ஸ் போதும் என்பது களத்தில் சரி. தெருவில் கேள்வி வேறு: ஒன்று அறுந்தால் வீடு போய்ச் சேர முடியுமா? 32இல் ஒன்று போனால் சக்கரம் கொஞ்சம் ஆடும், பிரேக்கைத் தளர்த்திக்கொண்டு ஓட்டிவிடலாம். 20இல் ஒன்று போனால் டிராக் பிரேமின் நெருக்கமான இடைவெளியில் டயர் பிரேமில் உரசும். அது பின் சக்கரமாக இருந்து இறுகிக்கொண்டால் பெடலும் சேர்ந்து இறுகும். ஆங்கிலேயரின் பழைய ரோட்ஸ்டர், அதாவது நம் ஊரில் பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய கறுப்பு சைக்கிள், முன்னே 32 போக்ஸும் பின்னே 40 போக்ஸும் வைத்து வந்தது. பின் சக்கரத்தின் மேல் பாரம் அதிகம் என்பதால் அங்கே அதிகக் கம்பி. அந்த வண்டியை வடிவமைத்தவர்களுக்கு இரண்டு சக்கரமும் ஒன்றல்ல என்பது தெரிந்திருந்தது.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. 42 மி.மீ. ரிம்முக்கு நீள வால்வு டியூப் வேண்டும், இரவு எட்டு மணிக்கு ஹாரோவில் பஞ்சரானால் பக்கத்துக் கடையில் கிடைப்பது குட்டை வால்வுதான். வாட்டர்லூ பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும்போது முன்னே ஆழ ரிம் இருந்தால் ஹேண்டில் பாரைப் பிடித்து இழுக்கும். கால் நிறுத்த முடியாத வண்டியில் அது இன்னும் எரிச்சல்.

கூரியர்காரர்களின் ‘டீப் வி’ பற்றி ஒரு சொல். அதை அவர்கள் பெரும்பாலும் 32 போக்ஸில், பலர் பக்கச்சுவர் கடைந்த வகையிலேயே ஓட்டினார்கள். அந்தச் சக்கரத்தோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. அதைக் காட்டி அதற்கு நேர் எதிரானதை விற்கிறார்களே, அதோடுதான்.

5. கனம் வேகத்தைக் காப்பாற்றும் என்பதும் வீண் பேச்சு, கனம் வேகத்தைக் கெடுக்கும் என்பதும் வீண் பேச்சு. ரிம்மில் உள்ள எடை ஓடும் ஆற்றலில் இரு மடங்காகக் கணக்கில் சேரும், அது சரி. ரிம்முக்கு 150 கிராம் வீதம் கூடுதல் என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் 300 கிராம், ஓட்டத்தில் அது 600 கிராமுக்குச் சமம். ஆளும் வண்டியுமாக 85 கிலோ என்றால் இது 0.7 சதவீதம். இந்தச் சதவீதத்துக்காக இரு தரப்பும் ஆண்டுக்கணக்கில் வாக்குவாதம் செய்கின்றன.

6. இனி முக்கியமானது. வண்ணம் பூசிய, பிரேக் பிடிக்காத முன் ரிம்.

வேகத்தைக் குறைக்கும்போது உடம்பின் பாரம் முன்னே சாய்கிறது. பின் சக்கரம் இலகுவாகிறது, அதன் பிடிப்பும் அதற்கேற்பக் குறைகிறது. எவ்வளவு கால் வலிமை இருந்தாலும், எவ்வளவு அழகாகச் சறுக்கினாலும், பின் சக்கரத்தால் மட்டும் நிறுத்தும்போது கிடைக்கும் எதிர் வேகம் புவியீர்ப்பின் கால் பங்கு அளவுதான். முன் பிரேக்கில் தலைகுப்புற விழாமல் புவியீர்ப்பின் பாதி வரை போகலாம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வருகிறவர் முன் பிரேக் பிடித்தால் சுமார் 5 மீட்டரில் நிற்கலாம், பின் சக்கரம் மட்டும் என்றால் 10 மீட்டர் ஆகும். இது உலர்ந்த சாலைக்கான கணக்கு. அந்த நடுவிலுள்ள 5 மீட்டரில் சாலையைக் கடக்கிறவர் இருப்பார்.

இருந்தார். 2016 பிப்ரவரியில் லண்டன் ஓல்ட் ஸ்ட்ரீட்டில் முன் பிரேக் இல்லாத டிராக் சைக்கிள் மோதி ஒரு பெண் இறந்தார். ஓட்டிய இளைஞர் மீது 2017இல் கொலைக்குற்றமாகாத மரணம் விளைவித்த குற்றச்சாட்டு நிற்கவில்லை. குதிரை வண்டிக் காலத்து 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 18 மாதத் தண்டனை விழுந்தது. பிரிட்டனின் 1983ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகவே இருக்கின்றன: பெடலோடு கட்டுண்டு சுற்றும் சக்கரம் இருந்தால், முன் சக்கரத்தில் பிரேக் கட்டாயம். எந்த மரபின் பெயரால் பிரேக்கைக் கழற்றுகிறார்களோ, அந்த ஜப்பானிலேயே சாலைச் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் பிரேக் வேண்டும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் 3 மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்று அளவே குறித்திருக்கிறார்கள். கெய்ரின் வீரரின் பந்தய வண்டி அப்படியே டோக்கியோ தெருவில் இறங்க முடியாது.

“பிரேக் வைத்துக்கொள்கிறேன், ரிம் மட்டும் நிறத்தில் இருக்கட்டும்” என்று சமாதானத்துக்கு வருபவர்கள் உண்டு. பிரேக் கட்டை முதல் சில வாரத்தில் அந்த நிறத்தைத் திட்டுத் திட்டாக உரித்துவிடும். உரியும்வரை பிடிப்பு ஒரே சீராக இருக்காது, மழையில் கேட்கவே வேண்டாம். முன் ரிம்மில் பக்கச்சுவர் கடைந்திருக்க வேண்டும், தேய்மானம் காட்டும் பள்ளமோ புள்ளியோ இருக்க வேண்டும், அது மறைந்த அன்று ரிம்மை மாற்ற வேண்டும். சேறும் மணலும் கலந்த தண்ணீரில் ஓடும் ரிம்மின் சுவர் உட்குழிந்து மெலியும். மெலிந்த சுவர் ஒருநாள் டயரின் அழுத்தத்திலேயே பிளக்கும். முன் ரிம் தேய்ந்து தீரும் பொருள் என்பதால்தான் எளிதில் திரும்பக் கிடைக்கும் ரிம்மாக அது இருக்க வேண்டும். பின் ரிம்முக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. பின்னே பிரேக் இல்லாவிட்டால் பக்கச்சுவர் என்ன நிறத்தில் இருந்தாலும் பாதகமில்லை. நிறத்து மேல் ஆசை இருக்கிறவர் அதைப் பின்னே தீர்த்துக்கொள்ளட்டும். அழகுக்காக வாங்குகிறேன் என்று நேராகச் சொல்கிறவரோடு எனக்கு வழக்கே இல்லை.

7. பேரிங் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். சீல்டு பேரிங்தான் உயர்வு என்பவர்கள், அவர்கள் வணங்கும் ஷிமானோ டியூரா-ஏஸ் டிராக் ஹப்பே கோனும் பால்ஸும் வைத்தது என்பதைக் கவனிக்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை திறந்து, கழுவி, கிரீஸ் வைத்து, கோனை அளவாக முடுக்கத் தெரிந்தவருக்கு அது நெடுங்காலம் உழைக்கும். தெரியாதவர், தெரிந்தும் செய்யாதவர், சீல்டு பேரிங் வாங்கட்டும், கரகரத்தால் கழற்றி வேறு போட்டுக்கொள்ளலாம். இது ஹப்பின் தரத்தைப் பற்றிய கேள்வியே அல்ல, வாங்குகிறவரின் பழக்கத்தைப் பற்றியது.

8. கடைசியாக, இரு பக்க ஹப். ஒரு பக்கம் ஃபிக்ஸட், மறு பக்கம் ஃப்ரீவீல், சக்கரத்தைத் திருப்பிப் போட்டால் வண்டி மாறிவிடும் என்று விற்கிறார்கள். மாறத்தான் செய்கிறது, சட்டமும் கூடவே மாறுகிறது. ஃப்ரீவீல் பக்கம் போட்ட நிமிடத்தில் எதிர்த்து மிதித்து வேகம் குறைக்கும் வழி போய்விடுகிறது, பிரிட்டனில் இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனிப் பிரேக் தேவைப்படுகிறது. பக்கச்சுவர் கடையாத பின் ரிம்மில் கோர்த்து, பின் பிரேக் மாட்டத் துளையே இல்லாத டிராக் பிரேமில் ஏற்றி, இந்த ஹப்பை ‘இரண்டுக்கும் ஆகும்’ என்று கொடுக்கிறவரிடம், அந்த இரண்டாவது எப்படி நிற்கும் என்று கேளுங்கள். பின்னே ஃப்ரீவீல் எப்போதாவது ஓட்டப் போவதாக இருந்தால் பின் ரிம்மும் கடைந்ததாக, பிரேம் துளை போட்டதாக இருக்க வேண்டும். ஓட்டப் போவதில்லை என்றால் இரு பக்கமும் ஃபிக்ஸட் மரை உள்ள ஹப்பை வாங்குங்கள். ஒரு பக்க மரை உரிந்த அன்று மறு பக்கம் கைகொடுக்கும்.